மாடித் தொட்டிச் செடிகளுக்கு எவ்வளவு தண்ணீர்? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் மாதம் முடிந்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்த்தாச்சு, பாட்டு கேட்டாச்சு, கடிதம் டைப் செய்தாச்சு. வீட்டுக்கு உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" வரவு செலவுக் கணக்கு எழுதலாம் என்று பதில் சொல்வோம். அதை யாரும் இரண்டு வாரத்திற்கு மேல் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. ஆனால் கடந்த கோடையில் ஒர்க்ஷீட் என்பது எதற்குப் பயன்படும் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அதைக் கற்றுத் தந்தவை திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் 26 தொட்டிச் செடிகள்.

நான் வேலை நிமித்தம் விழுப்புரத்தில் இருக்கிறேன். அம்மா திண்டிவனத்தில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் காலை, இடுப்பில் தண்ணீர்க் குடத்துடன் மாடிப்படி ஏறியவர், கால் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. படி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு அவரை விழுப்புரத்திற்கு அழைத்து வந்துவிட்டோம்.

கை வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, மாடியில தண்ணி ஊத்தியாச்சாமா?"

பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் ஊற்றுகிறேன் என்று முன்வந்தார். ஆனால் எதற்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், சொல்லத் தெரியாது. "பாத்தாலே தெரியும்" என்பார். 40 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு எதைப் பார்ப்பது? எதிரே கத்திரி வெயில் வரப் போகிறது. அப்போதுதான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பட்டியல்

தமிழ்ப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி இரண்டு நாள் திண்டிவனத்தில் தங்கினேன். விக்கிரவாண்டி, மயிலம் தாண்டி ரயிலில் போகும்போதே நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நீங்கள் நேராகவே கம்ப்யூட்டரில் தொடங்கலாம்.

உங்களிடம் எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதில் கால்க் என்ற ஒர்க்ஷீட் புரோகிராம் உள்ளது. கீழே சொல்லப்படும் அனைத்தையும் இரண்டிலும் செய்யலாம்.

புதிய பைல் ஒன்றைத் திறந்தால் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலிருந்து கீழாகச் செல்வது காலம். இடமிருந்து வலமாகச் செல்வது வரிசை. காலங்களுக்கு ஏ, பி, சி என எழுத்தும் வரிசைகளுக்கு 1, 2, 3 என எண்ணும் பெயராக இருக்கும். முதல் வரிசையில் தலைப்புகளை இப்படி அமைத்திடுங்கள்.

ஏ காலத்தில் தொட்டி எண். பி காலத்தில் செடியின் பெயர். சி காலத்தில் தொட்டி வகை (மண், சிமென்ட், பிளாஸ்டிக், வளர்ப்புப் பை). டி காலத்தில் முதல் நாள் எடை. இ காலத்தில் மறுநாள் எடை. எப் காலத்தில் குறைந்த தண்ணீர்.

எண்ணைக் காலத்தில் மட்டும் எழுதினால் போதாது. தொட்டியின் மேலும் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். இல்லையேல் ஐந்து கற்றாழைத் தொட்டிகளில் எது எது என்று பிறகு தெரியாது.

பைலை உடனே சேவ் செய்திடவும். கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தினால் போதும். பெயர் கேட்கும்போது "மாடிச்செடி" என்று கொடுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இந்தக் கீகளை அழுத்தும் பழக்கம் நல்லது. கோடையில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை.

தராசு சொல்லும் உண்மை

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. நம் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

காலை 6 மணிக்குத் தொட்டியில் அடித்துளை வழியே நீர் சொட்டும் வரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் வடியவிட்டு எடை பாருங்கள். பிறகு தண்ணீரே ஊற்றாமல் மறுநாள் காலை அதே நேரத்தில் மீண்டும் எடை பாருங்கள். 9 கிலோ 400 கிராம் இருந்தது 8 கிலோ 500 கிராம் ஆகியிருந்தால், அந்தத் தொட்டி ஒரு நாளில் இழந்தது 900 மில்லி. கொஞ்சம் வேர் வழியே இலைக்குப் போய் ஆவியாகியிருக்கும். கொஞ்சம் மண் மேற்பரப்பிலிருந்து நேராகப் போயிருக்கும். எது எவ்வளவு என்று நமக்குத் தேவையில்லை. அந்தச் செடிக்கு அந்த வெயிலில் ஒரு நாளைக்கு 900 மில்லி வேண்டும் என்பது போதும்.

பயணப் பெட்டிகளை எடை பார்க்கும், கொக்கி போட்ட சின்ன டிஜிட்டல் தராசு இதற்குப் போதும். தொட்டியைப் பழைய துணிப்பையில் வைத்துத் தூக்கிப் பார்க்கலாம். சிமென்ட் தொட்டிகளைத் தூக்க முயல வேண்டாம். வீட்டில் இன்னொரு மாவுக்கட்டு தேவையில்லை. அவற்றிற்கு வேறு வழி உண்டு. முதல் நாள் நிறைய ஊற்றி வடியவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அளவு தெரிந்த மக்கினால் மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளையில் முதல் சொட்டு தெரியும்போது நிறுத்துங்கள். உள்ளே போன அளவுதான் ஏறக்குறைய முதல் நாள் குறைந்த அளவு.

இப்போது ஒர்க்ஷீட்டில் எப் காலத்தின் 2ஆவது செல்லில் கிளிக் செய்திடவும். சமக் குறி போட்டு, அடைப்புக் குறிக்குள் டி2 கழித்தல் இ2 எனத் தந்து, அடைப்பை மூடி, நட்சத்திரக் குறி போட்டு 1000 என டைப் செய்திடவும். (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.) என்டர் தட்டினால் கிலோ கணக்கு மில்லி லிட்டராக மாறி வந்து நிற்கும். நட்சத்திரக் குறி என்றால் பெருக்கல்.

இதையே 26 முறை டைப் செய்ய வேண்டுமா? வேண்டாம். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் ஒன்று தெரியும். மவுஸால் அதைப் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் உரிய எண்ணைத் தானே மாற்றிக்கொண்டு கணக்குப் போட்டுவிடும். சிமென்ட் தொட்டிகளுக்கு மட்டும் மக் அளவை அப்படியே மில்லியில் எழுதிடவும்.

எனக்குக் கிடைத்த விடை

எப் காலத்தில் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னேன். வரிசை எண் கலைந்து, செடிகள் தாகத்தின் வரிசையில் வந்து நின்றன. இப்படி அடுக்கும்போது எல்லாக் காலங்களும் சேர்ந்து நகர்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காலம் மட்டும் நகர்ந்தால், கற்றாழைக்கு மல்லியின் தண்ணீர் போய்ச் சேரும்.

26 தொட்டிகளில் ஒன்பதுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை தேவைப்பட்டது. குண்டு மல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, பன்னீர் ரோஜா, கத்தரி இந்தக் கூட்டம். பன்னிரண்டு தொட்டிகளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கற்றாழை முதலான ஐந்துக்கு மிகமிகக் கொஞ்சம். அவற்றிற்குத் தினமும் ஊற்றுவதே தவறு.

எப் காலத்தின் அடியில் மொத்தம் போட சம் என்ற பங்ஷனைப் பயன்படுத்தினேன். விடை 28 லிட்டர்.

இந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா தினமும் சுமந்து ஏறியது 12 லிட்டர் குடத்தில் நான்கு. அதாவது 48 லிட்டர். மாடியில் குழாய் கிடையாது. செடிகள் கேட்டது 28. மீதி 20 லிட்டர், அடித்துளை வழியே வடிந்து மழைநீர்க் குழாயில் போயிருக்கிறது. அது ஒன்றரைக் குடத்திற்கும் மேல். அவர் எந்தக் குடத்துடன் விழுந்தாரோ தெரியாது. அதை அவரிடம் நான் கேட்கவில்லை, மொத்தத்தையும் சொல்லவில்லை.

தண்ணீர் ஏன் அப்படி வடிந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. தென்னை நார்க் கழிவு கலந்த மண் ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். ஊற்றும் நீர் அந்த இடைவெளியில் இறங்கி நேரே வெளியே போகும். மேலே ஈரம், அடியில் வடிகிறது, நடுவில் வேர்கள் வறண்டு கிடக்கும். இப்படிப்பட்ட தொட்டியை ஒரு பெரிய டப்பில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் மண் மீண்டும் நீரை வாங்கிக்கொள்ளும். தூக்க முடியாத தொட்டியில் கொஞ்சமாக ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஊற்ற வேண்டும்.

தாகத்தைக் குறைக்கும் வழிகள்

திண்டிவனம் என்றதும் விவசாயிகளுக்கு டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் நினைவுக்கு வரும். அந்த எழுத்துக்கள் இந்த ஊரின் பெயர்தான். இங்குள்ள வேளாண் பல்கலைக் கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. கிழக்கே மரக்காணம் போனால், இதே வெயிலில் கடல் நீர் காய்ந்து உப்பாக விளைவதைப் பார்க்கலாம். பாத்தியில் அந்த வெயில் செய்யும் வேலையைத்தான் நம் தொட்டியிலும் செய்கிறது. எனவே ஊற்றுவதைக் கூட்டும் முன் இழப்பதைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

நான் செய்தவை நான்கு. முதலாவது, பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத நிழல் வலையைக் கழிகளில் கட்டினேன். இரண்டாவது, தொட்டிகளை நெருக்கி வைத்தேன். ஒன்றின் நிழல் மற்றொன்றின் சுவரில் விழும். பெரியவை மேற்கே, சிறியவை கிழக்கே. மூன்றாவது, மண்ணின் மேல் இரண்டு விரல் உயரத்திற்குக் காய்ந்த சருகும் தேங்காய் நாரும் பரப்பினேன். நான்காவது, தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். வெயிலில் காய்ந்த தளம் அடியிலிருந்து வேரை வேக வைக்கிறது.

அடுத்த வாரம் மீண்டும் எடை பார்த்தேன். ஜி, எச் என இரண்டு காலங்கள் சேர்த்துப் புதிய எடைகளை எழுதி, ஐ காலத்தில் பழைய கணக்கையே போட்டேன். 28 லிட்டர் 21 ஆகியிருந்தது.

மண் தொட்டிக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது. மண் தொட்டியின் சுவர் வழியேயும் நீர் கசிந்து ஆவியாகும். அதனால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீர் அதிகம் கேட்கும். பிளாஸ்டிக் தண்ணீரைச் சேமிக்கும். கறுப்பு நிறமாக இருந்தால் சூடேறும். வெள்ளைச் சாக்கினால் சுற்றிவிடலாம்.

மண் சுவர் கசிவதையே பயன்படுத்திக்கொள்ளும் பழைய முறை ஒன்றும் உண்டு. சுட்ட மண் கலயத்தைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து நீர் நிரப்பினால், சுற்றியுள்ள மண் காயக் காய நீர் கசிந்துகொண்டே இருக்கும். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலில் இது சொல்லப்பட்டுள்ளது. நம் நாட்டில் 1970களில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பானைப் பாசனத்தைச் சோதித்தார்கள். பெரிய கத்தரித் தொட்டி இரண்டில் சிறு கலயங்களைப் புதைத்தேன். மெருகு பூசாத கலயமாக இருக்க வேண்டும். வாயை மூடி வையுங்கள். இல்லையேல் கொசு வளரும். தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்களும் வாரம் ஒரு முறை அதைக் கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.

மாடிக் கதவில் ஒரு தாள்

இப்போது கணக்கை அந்த மாணவருக்குப் புரியும்படி தர வேண்டும். அவருக்கு மில்லி லிட்டர் வேண்டாம். மக் கணக்கு போதும். பைலில் இரண்டாவது ஷீட்டைத் திறந்து தொட்டி எண், செடி, காலை எத்தனை மக், மாலை எத்தனை மக் என நான்கு காலங்கள் மட்டும் அமைத்தேன். ஒரு மக் ஒரு லிட்டர் என்பதைத் தண்ணீர் பாட்டிலால் சரிபார்த்துக்கொண்டேன்.

மாலையிலும் நீர் தேவைப்படும் தொட்டிகளுக்குத் தானாகவே சிவப்பு நிறம் வரும்படி செய்யலாம். எக்ஸெல்லில் மாலைக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங் கிளிக் செய்து, கிரேட்டர் தேன் என்பதில் 0 எனக் கொடுங்கள். கால்க்கில் இதே வசதி பார்மட் மெனுவில் உள்ளது. என் வீட்டில் பிரிண்டர் இல்லை. பைல் மெனு வழியே பி.டி.எப். ஆக மாற்றி, அந்த மாணவரின் போனுக்கு அனுப்பினேன். அவர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து மாடிக் கதவில் ஒட்டிவிட்டார்.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. பிறகு கறிவேப்பிலை மஞ்சளாகிறது என்று போட்டோ வந்தது. விசாரித்தால், மதியம் 2 மணிக்கு மாடிக்குப் போனவர் இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தினமும் இரண்டு மக் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்.

போனை வாங்கிப் பார்த்த அம்மா உடனே சொன்னார். "தம்பி, மத்தியானம் எல்லாச் செடியும் தொங்கும். சாயங்காலம் நிமிந்துடுச்சுன்னா அதுக்கு ஒண்ணுமில்ல. வெரல மண்ணுக்குள்ள விட்டுப் பாக்கச் சொல்லு. உள்ள ஈரம் இருந்தா ஊத்த வேணாம்."

இதுதான் சரி. கடும் வெயிலில் இலை இழக்கும் வேகத்திற்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை துவளும். அப்போது மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கும். தாளின் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "விரல் விட்டுப் பார்த்த பின் ஊற்றவும்." நான்கு நாள் நிறுத்தியதும் கறிவேப்பிலை தேறிவிட்டது.

மதியம் இலையில் படும் நீர்த்துளி லென்ஸ் போல் வேலை செய்து இலையைச் சுட்டுவிடும் என்று சொல்வார்கள். 2010ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து, வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை என்று எழுதினார்கள். மதியம் ஊற்ற வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் உண்டு. வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பிலிருந்து முதலில் வருவது வெந்நீர். அதை வாளியில் பிடித்து ஆறவிடுங்கள்.

வானிலை பார்க்கும் வழக்கம்

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது மே 4ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை கத்திரி. இந்த நாட்களில் தினமும் கம்ப்யூட்டரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுவேன். 1875ல் தொடங்கிய துறை இது. மொபைலில் பார்ப்பவர்களுக்கு 2019ல் வெளியான மேக்தூத் அப்ளிகேஷன் இருக்கிறது. மாவட்ட வாரியாக விவசாயிகளுக்கான குறிப்புகளைத் தருகிறது.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். வானிலை அறிக்கையில் வரும் வெப்பம், தரைக்கு மேல் ஆளுயரத்தை ஒட்டி, காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் அளக்கப்படுவது. 39 டிகிரி என்று அறிக்கை சொன்னால் உங்கள் மொட்டை மாடித் தளம் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும்.

இரண்டாவது மழைக் கணக்கு. ஒரு மில்லி மீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 30 செ.மீ. அகலத் தொட்டியின் வாய்ப் பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். எனவே 2 மி.மீ. மழை பெய்தால் தொட்டிக்குக் கிடைப்பது 140 மில்லி. ஒரு டம்ளர் அளவுதான். மல்லிக்கு அது போதாது. 10 மி.மீ. பெய்தால் 700 மில்லி. அன்று மாலை ஊற்ற வேண்டாம். மண் வாசனை வந்ததுமே ஊற்றுவதை நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஒன்பது நாள் சோதனை

மே முதல் வாரத்தில் மாணவருக்குத் தேர்வு முடிந்தது. ஒன்பது நாள் சொந்த ஊர் போகிறார். கத்திரி தொடங்கும் வாரம். எனக்கு விடுப்பு இல்லை.

பிளம்பரை அழைத்து, படிக்கட்டு அறையின் மேலிருக்கும் 500 லிட்டர் டேங்கிலிருந்து மாடிக்கு ஒரு குழாய் இறக்கினேன். இதை முன்பே செய்திருக்கலாம். குழாயில் பேட்டரியில் இயங்கும் டைமர், அதிலிருந்து சொட்டு நீர்க் குழாய்கள். 21 லிட்டரை 9 ஆல் பெருக்கினால் 189. டேங்க் நிரம்பினால் போதும்.

முதலில் வாங்கிய டைமர் வேலை செய்யவில்லை. பழுதில்லை, தவறு என்னுடையது. டைமர்களில் இரண்டு வகை உண்டு. சோலனாய்டு வால்வு உள்ளது திறக்க, குழாயில் நல்ல அழுத்தம் வேண்டும். பால் வால்வு உள்ளது மோட்டாரால் திறப்பதால் அழுத்தமே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். 10 மீட்டர் உயர நீர் தருவது சுமார் 1 பார் அழுத்தம். எங்கள் டேங்க் தளத்திலிருந்து இரண்டரை மீட்டர். கிடைப்பது கால் பார். பால் வால்வு வகைக்கு மாற்றிக்கொண்டேன். அழுத்தத்தைச் சீராக்கும் விலை உயர்ந்த சொட்டுவான்களும் இப்படிப்பட்ட டேங்கிற்குச் சரிவராது. திருகி அளவு மாற்றும் சாதாரண வகையே போதும்.

சொட்டுவானில் அச்சிட்டுள்ள அளவை நம்பாதீர்கள். அளந்து பாருங்கள். 1,200 மில்லி தேவைப்படும் தொட்டிக்குக் காலை 5.30க்கு 20 நிமிடம், மாலை 6.30க்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 40 நிமிடம். நிமிடத்திற்கு 30 மில்லி வர வேண்டும். சொட்டுவானின் அடியில் மக்கை வைத்து 10 நிமிடம் பிடித்தால் 300 மில்லி நிற்க வேண்டும். கூடினால், குறைந்தால் திருகுங்கள். இந்த 300ஐ ஒவ்வொரு தொட்டிக்கும் ஒர்க்ஷீட்டே சொல்லிவிடும். தேவையை 4 ஆல் வகுத்தால் போதும். கற்றாழைக் கூட்டம் ஐந்தையும் ஒரு முறை நனைத்து நிழலுக்கு நகர்த்தினேன்.

ஒன்பது நாள் கழித்துக் காலை முதல் ரயிலில் போய் மாடி ஏறினேன். மல்லி மொட்டு விட்டிருந்தது. செம்பருத்தி பூத்திருந்தது. 14ஆம் எண் தொட்டி மட்டும் காய்ந்து குச்சியாக நின்றது. அம்மாவின் பன்னீர் ரோஜா. சொட்டுவானைக் கழற்றினால் உள்ளே டேங்க் அடியில் படியும் வண்டலும் உப்புப் பொருக்கும். இருநூறு ரூபாய்கூட ஆகாத பில்டரை நான் மாட்டவில்லை.

மாலை வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "குச்சிய அறுத்துப் பாத்தியா? பச்சை இருக்கா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். "அப்ப பிடுங்கிப் போட்றாத" என்றார்.

எனவே டைமர் பொருத்துபவர்களுக்கு மூன்று குறிப்புகள். டைமருக்கு முன் பில்டர் கட்டாயம். முக்கியமான செடிக்கு இரண்டு சொட்டுவான் வையுங்கள்; ஒன்று அடைத்தாலும் மற்றது காக்கும். ஊருக்குப் போகும் முன் மூன்று நாளாவது வீட்டில் இருந்தபடியே ஓடவிட்டுப் பாருங்கள்.

ஈரம் பார்க்கும் சென்சார் தேவையா?

ஆர்டுயினோ என்ற சிறிய சர்க்யூட் போர்டு 2005ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது. இதில் மண் ஈர சென்சாரை இணைத்து, மண் காய்ந்தால் மட்டும் மோட்டார் ஓடும்படி செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல விடுமுறை வேலை. வாங்குவதானால் ஒன்றைக் கவனிக்கவும். மலிவான இரு முள் சென்சார் மண்ணில் மின்சாரம் பாய்ச்சி அளக்கிறது. அதனால் முள் விரைவில் அரித்துப் போகும். கெபாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடாது. அதிக நாள் உழைக்கும். ஆனால் ஒரு சென்சார் ஒரு தொட்டியைத்தான் அறியும். 26 தொட்டிக்கு விரல் மலிவு.

இப்போது

வைகாசி நடுவில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அம்மா திண்டிவனம் திரும்பினார். மாடிப்படி ஏறலாம், குடம் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. குழாய்தான் மேலேயே வந்துவிட்டதே!

கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். 7ஆம் எண்ணில் பேனாவால் ஒரு மக்கை அரை மக் ஆக்கினார். "இது பிஞ்சு விடற நேரத்துல மட்டும்தான் ஒரு மக்கு" என்றார். அந்த மாற்றத்தை அன்றிரவே பைலில் ஏற்றிவிட்டேன். பிறகு அவர் 14ஆம் எண்ணிடம் போய், குச்சியை அடிப்பக்கம் நகத்தால் கீறினார். உள்ளே மெல்லிய பச்சை. மேலே இருந்ததை வெட்டிவிட்டு அரை மக் ஊற்றினார். ஆடியில் இரண்டு தளிர் வந்தது.

இந்த ஆண்டு அதே பைலைத் திறந்து, "சேவ் ஆஸ்" கொடுத்துப் புதிய பெயரில் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டுக் கணக்கு அழியாமல் இருக்கும். நீங்களும் வரும் ஞாயிறு காலை ஒரு தராசுடன் மாடிக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து தொட்டிகளை மட்டும் எடை போட்டு ஒர்க்ஷீட்டில் எழுதிப் பாருங்கள். செடியும் பிழைக்கும், பார்முலாவும் வசப்படும். வீட்டில் வயதானவர்கள் குடம் சுமந்து மாடி ஏறுகிறார்கள் என்றால், கணக்கைப் பிறகு போடலாம். முதலில் மாடிக்கு ஒரு குழாய் வையுங்கள்.